டூர் டி பிரான்ஸ் ஏன் பிரான்சுக்கு வெளியே தொடங்குகிறது?

பிரான்ஸின் பெயரையே தாங்கி நிற்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், 1954 முதல் 2024 வரை 26 முறை அந்நாட்டுக்கு வெளியே தொடங்கியிருக்கிறது. 2022இல் கோபன்ஹேகன், 2023இல் பில்பாவோ, 2024இல் ஃப்ளோரன்ஸ் எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி முதன்முதலில் அயல்மண்ணில்தான் வழங்கப்பட்டது. 2025இல் லீல் நகரில் தொடங்கி, எல்லை தாண்டாமல் முழுக்க பிரான்சுக்குள்ளேயே பந்தயம் நடந்தபோது, 2020க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல் முறை என்பதால் அதுவும் ஒரு செய்தியானது. 2026ஆம் ஆண்டுப் பந்தயத்தின் தொடக்கத்துக்குப் பார்சிலோனாவும் 2027க்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவும் தேர்வு செய்யப்பட்டன.

இந்தப் போக்கைப் புரிந்துகொள்ள, சாலைச் சைக்கிள் பந்தயத்தின் வரவுசெலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் உண்டு, வாயிற்கதவு உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. மூன்று வாரங்களில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு பந்தயத்தைச் சாலையோரத்தில் நின்று பார்க்க யாரும் பணம் கொடுப்பதில்லை. கொடுக்கும்படி கேட்கவும் முடியாது. ஆகவே, பந்தயத்தை நடத்தும் அமோரி ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் என்ற தனியார் நிறுவனத்துக்கு (சுருக்கமாக ஏஎஸ்ஓ) வருமானம் மூன்று வழிகளில் வருகிறது: தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர்கள், பந்தயம் தொட்டுச் செல்லும் ஊர்கள் செலுத்தும் கட்டணம். பிரான்சுக்குள் ஒரு சாதாரணக் கட்டம் (பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம்) தொடங்கும் அல்லது முடியும் ஊர் ஏறத்தாழ ஒரு லட்சம் யூரோ அளவில் கொடுக்கிறது என்றால், முதல் மூன்று நாள்களை வாங்கும் வெளிநாட்டு நகரம் பல மில்லியன் யூரோவைக் கொடுக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே, தொடக்கத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல நடத்துநர்களுக்கு ஆர்வம் ஏன் என்பது விளங்கும். இங்கே கேட்க வேண்டிய கடினமான கேள்வி வேறு: அவ்வளவு பணம் கொடுக்கும் நகரத்துக்கு அந்த மூன்று நாள்களில் உண்மையில் என்ன கிடைக்கிறது?

பந்தயம் பிறந்ததே வணிகத்துக்காகத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1903இல் 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க இந்தப் பந்தயத்தைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஹென்றி டெகிராஞ்ச். அந்த இதழ் மஞ்சள் தாளில் அச்சானது. 1919இல் அறிமுகமான மஞ்சள் ஜெர்சிக்கும் அதே நிறம். இத்தாலியின் ஜீரோ டி இத்தாலியா (சுருக்கமாக ஜீரோ) என்ற பந்தயத்தை 1909இல் 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' என்ற இதழ் தொடங்கியது. அதன் தாள் இளஞ்சிவப்பு என்பதால் அங்கே முதலிடத்தில் இருப்பவரின் ஜெர்சியும் இளஞ்சிவப்பு. பத்திரிகை விற்பதற்காகப் பிறந்த பந்தயம், பிறகு ஊர்களை விற்கக் கற்றுக்கொண்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்வையாளருக்கு இலவசமாக இருந்துகொண்டே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உயிரோடிருக்க அதற்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் வெளிநாட்டுத் தொடக்கம் 1954 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. அங்கிருந்து பெல்ஜியத்தின் பிராஸ்காட் வரையிலான 216 கிலோமீட்டர் கட்டத்தை வென்று முதல் மஞ்சள் ஜெர்சியை அணிந்தவர் வௌட் வாக்ட்மன்ஸ் என்ற டச்சுக்காரர். இதைவிடச் சிறந்த விளம்பரத்தை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. அதற்குப் பிறகு 1958இல் உலகக் கண்காட்சி நடந்த பிரஸ்ஸல்ஸ், 1965இல் கொலோன், எழுபதுகளில் ஹேக் நகரின் ஸ்கெவெனிங்கன், ஷார்லெருவா, லைடன், எண்பதுகளில் ஃப்ராங்க்ஃபர்ட், பாசல் எனப் பட்டியல் வளர்ந்தது. இவற்றில் பெரும்பாலானவை பிரான்ஸின் எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத, ஏற்கெனவே சைக்கிள் பந்தயத்தை நேசித்த ஊர்கள்.

1987இல் மேற்கு பெர்லின் அந்த வழக்கத்தை உடைத்தது. பெர்லின் நகரம் தோன்றிய 750ஆம் ஆண்டை, சுவருக்கு இரு பக்கமும் இருந்த இரு அரசுகளும் தனித்தனியே கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. கிழக்கு ஜெர்மனியின் நடுவே தீவுபோல் இருந்த மேற்கு பெர்லினுக்குப் பந்தயம் முழுவதையும் கொண்டுசென்று, அந்த நகருக்குள்ளேயே ஒரு குறுந்தொலைவுத் தொடக்கப் பந்தயம், ஒரு சாலைக் கட்டம், ஓர் அணி நேரப் பந்தயம் (ஒவ்வோர் அணியும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) ஆகியவற்றை நடத்தி, பிறகு எல்லாரையும் கிழக்கு ஜெர்மன் நிலப்பரப்பைத் தாண்டி கார்ல்ஸ்ரூவுக்கு அழைத்துச் சென்றார்கள். பெர்லினில் மஞ்சள் ஜெர்சியை அணிந்தவர்களில் ஒருவர் போலந்தின் லெக் பியாசெக்கி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து அதை அணிந்த முதல் வீரர் அவர். தன்னை உலகம் மறந்துவிடவில்லை என்று காட்டிக்கொள்ள ஒரு நகரத்துக்குச் சைக்கிள் பந்தயம் பயன்படும் என்பதை அந்த நாள்கள் எல்லாருக்கும் காட்டின. பிற்காலத்தில் பந்தயத்தைக் கேட்டு வந்த அரசுகள் பலவும், வெளியே சுற்றுலா என்று சொன்னாலும், உள்ளே இதையேதான் நாடின.

நடைமுறையில் இது சிறிய வேலை அல்ல. 22 அல்லது 23 அணிகள், அணிக்கு எட்டு வீரர்கள், அவர்களுடைய மெக்கானிக்குகள், மருத்துவர்கள், சமையல்காரர்கள், பேருந்துகள், லாரிகள், ஊடகத்தினர், வீரர்களுக்கு முன்னால் பொருள்களை வீசிக்கொண்டு போகும் விளம்பர ஊர்வல வண்டிகள் என ஆயிரக்கணக்கானோருக்குத் தங்குமிடம் வேண்டும். வேகத்தடைகளையும் சாலை நடுத்திட்டுகளையும் அகற்ற வேண்டும். குழிகளை அடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையைப் பல மணி நேரம் மூட வேண்டும். பிரான்சில் காவல் துறைக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் இது ஆண்டுதோறும் பழகிய வேலை. வெளிநாட்டில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறார், அந்தக் கற்றலுக்கான செலவும் விருந்தளிக்கும் நகரத்தின் கணக்கில்தான் ஏறுகிறது.

தொலைவும் ஒரு வரம்பை விதிக்கிறது. சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் விதிப்படி மூன்று வாரப் பந்தயம் 23 நாள்களுக்குள் முடிய வேண்டும். அதில் இரண்டு ஓய்வு நாள்கள் அடங்கும். வீரர்கள் தனி விமானத்தில் மாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். பேருந்துகளும் லாரிகளும் இரவு முழுவதும் சாலையிலோ கப்பலிலோ போயாக வேண்டும். அதனால்தான் தொலைவான தொடக்கங்களுக்கு யூசிஐயிடம் தனி அனுமதி பெற்று, சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமையே பந்தயத்தைத் தொடங்கி, திங்கள்கிழமையைப் பயண நாளாக ஒதுக்குகிறார்கள். 2022இல் கோபன்ஹேகனுக்கு இந்த ஏற்பாடுதான். கடலுக்கு அப்பால் மிகத் தொலைவிலுள்ள ஒரு கண்டத்தில் டூர் தொடங்குவது அடிக்கடி பேசப்பட்டும் நடக்காமலே இருப்பதற்கு, ஆசையை மீறிய இந்த லாரிக் கணக்கே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

இனி, யார்க்ஷயருக்கு வருவோம். வெளிநாட்டுத் தொடக்கத்தின் உச்சத்தையும் அதன் பின்விளைவையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க அதைப் போல வேறு எடுத்துக்காட்டு இல்லை. 2014க்கான தொடக்கத்தை வடக்கு இங்கிலாந்தின் இந்தப் பகுதி வென்றதாக 2012 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது பலர் வியந்தார்கள். பிராட்லி விக்கின்ஸ் டூரை வென்ற முதல் பிரிட்டிஷ்காரரான ஆண்டு அது. லண்டன் ஒலிம்பிக் முடிந்த ஆண்டும் அதுதான். எடின்பரோவும் அந்த வாய்ப்பை நாடியிருந்தது. ஆனால் 'வெல்கம் டு யார்க்ஷயர்' என்ற வட்டாரச் சுற்றுலா அமைப்பு தானே முன்சென்று ஏஎஸ்ஓவுடன் பேசி முடித்தது. பிரிட்டிஷ் அரசின் ஒரு கோடி பவுண்டு உதவி பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அந்த ஒன்றரை ஆண்டில் அங்கே நடந்தவற்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய சைக்கிள்களுக்கு மஞ்சள் சாயம் அடித்து வீட்டுச் சுவர்களிலும் கடைவாசல்களிலும் வயல் வேலிகளிலும் மாட்டினார்கள். சிற்றூர்களில் ஜெர்சி வடிவில் சின்னஞ்சிறு கம்பளிச் சட்டைகளைப் பின்னி, தோரணமாகக் கோத்துத் தெருவுக்குத் தெரு கட்டினார்கள். மாஷம் என்ற சிற்றூரில், கம்பளி மழையில் நனைந்தால் கூடும் எடையை விளக்குக் கம்பங்கள் தாங்காது என்று கவுன்சில் கவலைப்பட்டு, அங்கே கட்டியிருந்த தோரணங்களைக் கழற்றச் சொன்னது. சிறிய செய்திதான், ஆனால் கட்டணம் கட்டிய அமைப்பால் மட்டும் செய்ய முடியாத ஒன்றை ஊர்மக்கள் தாங்களாகவே எடுத்துச் செய்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வழிநெடுக நின்று பணியாற்ற ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் பயிற்சி பெற்றார்கள்.

ஜூலை 5 அன்று லீட்ஸிலிருந்து ஹாரகேட் வரை 190.5 கிலோமீட்டர், மறுநாள் யார்க்கிலிருந்து ஷெஃபீல்டு வரை 201 கிலோமீட்டர், மூன்றாம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் வரை 155 கிலோமீட்டர். முதல் நாள் பட்டர்டப்ஸ் கணவாயின் ஏற்றத்தில் சாலையே தெரியாதபடி மக்கள் நிறைந்திருந்தார்கள். வீரர்கள் நுழையும்போது கூட்டம் பிளந்து, கடந்ததும் மூடிக்கொண்ட அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் ஆல்ப்ஸ் மலையேற்றத்தோடு ஒப்பிட்டார்கள். ஹாரகேட்டில் முடியும் கட்டம், அந்த ஊரைத் தாய்வழிச் சொந்த ஊராகக் கொண்ட பிரிட்டிஷ் வீரர் மார்க் கேவண்டிஷுக்காகவே அமைந்தது போலிருந்தது. இறுதிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் அவர் மோதி விழுந்து தோள்பட்டை விலகி, மறுநாள் தொடர முடியாமல் விலகினார். வென்றவர் ஜெர்மனியின் மார்செல் கிட்டெல். எத்தனை கோடி கொடுத்தாலும் முடிவை எழுதிக்கொள்ள முடியாது என்பது விளையாட்டின் நேர்மை. இரண்டாம் நாள் ஷெஃபீல்டில் வென்ற இத்தாலியின் வின்சென்ஸோ நிபாலி மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் பட்டத்தையும் வென்றார்.

பின்னர் வெளியான அதிகாரபூர்வ அறிக்கை, மூன்று நாள்களிலும் சேர்த்து 48 லட்சம் பார்வையாளர் வருகை என்றும், பொருளாதாரப் பயன் 12.8 கோடி பவுண்டு, அதில் யார்க்ஷயருக்கு மட்டும் 10.2 கோடி என்றும் மதிப்பிட்டது. இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் இரண்டு நாள் வந்தால் வருகைக் கணக்கில் இருமுறை சேர்கிறார். மேலும், உள்ளூர்க்காரர் வழக்கமாகச் சனிக்கிழமை வேறு கடையில் செலவிட்டிருக்கக்கூடிய பணத்தைச் சாலையோரத்தில் செலவிட்டால் அது புதிய வருமானம் ஆகாது. பெருவிளையாட்டு நிகழ்வுகளின் பயனை மதிப்பிடும் அறிக்கைகளை, அந்நிகழ்வுகளுக்குப் பணம் போட்டவர்களே பெரும்பாலும் வெளியிடுகிறார்கள் என்பதால், வாசகர் அவற்றைச் சற்றுத் தள்ளி நின்று படிப்பதே நல்லது. அதே வேளையில், ஒரு பகுதி மக்கள் தங்கள் ஊரைப் புதிய கண்ணோடு பார்த்தார்கள் என்பதைப் பவுண்டில் எண்ண முடியாது என்பதற்காக அது நடக்கவில்லை என்று சொல்வதும் தவறு.

பின்கதை இன்னும் முக்கியம். 2014இன் உற்சாகத்தில் 2015 முதல் 'டூர் டி யார்க்ஷயர்' என்ற தனிப் பந்தயம் தொடங்கியது. 2019 செப்டம்பரில் உலக சாலைப் பந்தயப் போட்டிகள் ஹாரகேட்டுக்கு வந்தன. ஆனால் அந்தப் போட்டிகளின்போது பெய்த மழையில் ஊர் நடுவேயுள்ள ஸ்ட்ரே புல்வெளி சேறாகி, அதைச் சீர்செய்யும் செலவு பற்றி நீண்ட வாக்குவாதம் எழுந்தது. கொரோனா காலத்தில் யார்க்ஷயர் பந்தயம் நின்றது. பிறகு எழவே இல்லை. 'வெல்கம் டு யார்க்ஷயர்' அமைப்பும் நிதி நெருக்கடியில் சிக்கி 2022இல் திவால் நிர்வாகத்தின் கீழ் சென்றது. மூன்று நாள் வெற்றியை அடுத்த பத்தாண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பொறுப்பு ஒரே அமைப்பின் தோளில் இருந்தது. அந்த அமைப்பு விழுந்தபோது அதைத் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இருக்கவில்லை. யார்க்ஷயரிடமிருந்து மற்ற நகரங்கள் கற்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

டென்மார்க்கின் நிலை வேறு. கோபன்ஹேகன் மக்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பிக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாகத் தனிப் பாதைகள் அமைத்து, அன்றாடப் போக்குவரத்தாகவே சைக்கிளை ஆக்கிக்கொண்ட நகரம், தான் ஏற்கெனவே செய்து முடித்ததை உலகுக்குக் காட்டப் பந்தயத்தை அழைத்தது. முதலில் 2021க்குத் திட்டமிட்டிருந்தார்கள்; டோக்கியோ ஒலிம்பிக் தள்ளிப்போனதால் டூர் ஜூன் மாதக் கடைசிக்கு முன்னேற, கோபன்ஹேகனில் நடக்கவிருந்த யூரோ கால்பந்து ஆட்டங்களோடு அது மோதியது. பிரிட்டனி பகுதியின் பிரெஸ்ட் நகரம் 2021ஐ ஏற்றுக்கொள்ள, டென்மார்க் ஓராண்டு காத்திருந்தது.

அந்த ஓராண்டு வீணாகவில்லை. 2022 ஜூலை 1 அன்று கோபன்ஹேகன் தெருக்களில் 13.2 கிலோமீட்டர் தனிநபர் நேரப் பந்தயம் மழையில் நடந்தது. யாரும் எதிர்பாராத பெல்ஜிய வீரர் ஈவ் லம்பார்ட் வென்றார். அடுத்த நாள் ரோஸ்கில்டேயிலிருந்து நூபோர்க் வரையிலான கட்டம், இரு தீவுகளை இணைக்கும் 18 கிலோமீட்டர் நீளமுள்ள கிரேட் பெல்ட் பாலத்தைக் கடந்தது. பக்கக்காற்று வீசினால் வீரர் கூட்டம் துண்டுதுண்டாகும் என்று பந்தய உலகமே காத்திருந்தது. அன்று காற்று எதிரே வீசியதால் கூட்டம் பிரியவில்லை. ஆனாலும் கடலின் மேல் வண்ணக் கோடாக நகர்ந்த அந்தக் காட்சி, டென்மார்க் கொடுத்த பணத்துக்கான பாதி விலையைத் தந்திருக்கும்.

மலையே இல்லாத நாட்டில் மலையேற்றப் புள்ளிகளுக்கு என்ன செய்வது? சிறு குன்றுகளை நான்காம் தர, அதாவது மிக எளிய, ஏற்றங்களாக வகுத்து, ஒவ்வொன்றின் உச்சிக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்கள். டென்மார்க்கின் மாக்னுஸ் கோர்ட் இரண்டாம், மூன்றாம் நாள்களில் முன்னேறிப் போய் அந்த ஆறு புள்ளிகளையும் எடுத்தார். மூன்றாம் நாள் தனியாகவே வெகுதூரம் ஓட்டி, மலையேற்றப் புள்ளிகளில் முந்தியவருக்கான சிவப்புப் புள்ளி ஜெர்சியோடு தன் நாட்டு மக்களின் இரு வரிசைக்கு நடுவே போனார். வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத ஓட்டம் அது. அன்று சாலையோரம் நின்ற சிறுவர்களுக்கு அதுதான் பந்தயம். அந்த ஆண்டு பட்டத்தையும் ஒரு டேனிஷ் வீரரே, யோனஸ் விங்கெகோர், வென்றார்.

விலை கொடுத்தவர் கையில் இல்லாத ஆபத்துகளும் உண்டு. 1998இல் டப்ளினில் டூர் தொடங்கியது. ஷான் கெல்லி, ஸ்டீஃபன் ரோஷ் என்ற சைக்கிள் வீரர்களைத் தந்த அயர்லாந்துக்கு அது ஒரு பெருமைத் திருவிழாவாக இருந்திருக்க வேண்டும். தொடக்கத்துக்கு மூன்று நாள் முன்னதாக, ஃபெஸ்டினா அணியின் ஊழியர் ஒருவர் காரில் ஊக்கமருந்துகளோடு பிரான்ஸ் எல்லையில் பிடிபட்டார். அயர்லாந்தின் மூன்று நாள்களும் அந்தச் செய்தியின் நிழலிலேயே கழிந்தன. 189 பேர் தொடங்கிய பந்தயத்தில் பாரிஸை எட்டியவர்கள் 96 பேர். ஊக்கமருந்தால் நம்பிக்கை இழந்து, பொதுத் தொலைக்காட்சி நேரலையையே நிறுத்திவைத்திருந்த ஜெர்மனியில், 2017க்கு டுசல்டார்ஃப் நகரம் விண்ணப்பிக்க முன்வந்தபோது, நகர மன்றத்தில் அது நூலிழையில்தான் நிறைவேறியது. அப்படி விவாதித்து, வாக்கெடுத்து முடிவெடுப்பதை ஒரு பலவீனமாக நான் கருதவில்லை. பொதுப் பணத்துக்கு அதுதான் உரிய மரியாதை.

இத்தாலியின் ஜீரோ இந்தத் துணிவில் டூரையும் மிஞ்சியது. 1996இல் ஏதென்ஸ், 2014இல் பெல்ஃபாஸ்ட், 2022இல் புடாபெஸ்ட் எனப் போய், 2018இல் ஜெருசலேமில் தொடங்கியது. மூன்று வாரப் பந்தயங்களில் ஒன்று ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்கியது அதுவே முதல் முறை. அதற்கு முதன்மையாகப் பணம் திரட்டியவர் சில்வன் ஆடம்ஸ் என்ற கனடிய-இஸ்ரேலியச் செல்வந்தர். பாதை வெளியானபோது 'மேற்கு ஜெருசலேம்' என்று குறிப்பிடப்பட்டிருந்ததை இஸ்ரேல் அமைச்சர்கள் எதிர்த்து, ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்றார்கள். நடத்துநர்கள் 'மேற்கு' என்பதை நீக்கினார்கள். பாலஸ்தீன ஆதரவு அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் பந்தயமே அங்கே போகக் கூடாது என்றன. 2025இல் ஜீரோ அல்பேனியாவில் தொடங்கியது. மூன்றாம் கட்டம் நடந்த மே 11, அந்நாட்டின் நாடாளுமன்றத் தேர்தல் நாளாகவும் அமைந்தது. ஹெலிகாப்டர் எடுக்கும் அழகிய படங்கள் எந்த அரசுக்கும் உதவும். அந்த அரசு எப்படிப்பட்டது, படத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்வியைப் பந்தயம் தானாகக் கேட்காது. பத்திரிகையாளர்களும் பார்வையாளர்களும்தான் கேட்க வேண்டும்.

பெண்களின் டூரும் இப்போது இதே வழியில் செல்கிறது. 2024இல் ரோட்டர்டாமில் தொடங்கி ஹேக் வரை ஓடிய கட்டமே அதன் முதல் வெளிநாட்டுத் தொடக்கம். 2027இல் ஆண்களின் பந்தயம் எடின்பரோவிலிருந்து புறப்பட்டு இங்கிலாந்து, வேல்ஸ் வழியே செல்லவும், பெண்களின் பந்தயம் லீட்ஸிலிருந்து புறப்படவும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டு பந்தயங்களும் ஒரே ஆண்டில் பிரான்ஸ் அல்லாத ஒரே நாட்டில் தொடங்குவது இதற்கு முன் நடந்ததில்லை. இம்முறை பொறுப்பு ஒரு வட்டாரச் சுற்றுலா அமைப்பின் கையில் இல்லை. மூன்று பகுதிகளின் அரசுகளும் விளையாட்டு அமைப்புகளும் சேர்ந்து அதைச் சுமக்கின்றன. பள்ளிக் குழந்தைகளுக்கான சைக்கிள் பயிற்சிக்கும் பாதுகாப்பான பாதைகளுக்கும் எவ்வளவு ஒதுக்குகிறார்கள், அந்த ஒதுக்கீடு 2027 ஜூலைக்குப் பிறகும் தொடர்கிறதா என்பதையே லீட்ஸிலும் எடின்பரோவிலும் வரி கட்டுவோர் இப்போதிருந்தே கேட்டு வர வேண்டும்.